உறவுமுறை என்ற கட்டம்

நாற்பது அடி நீளப் பேருந்தைக் கடைத்தெரு நெரிசலில் பின்னோக்கி எடுத்து, ஒரு சைக்கிள்கூட உரசாமல் திருப்பிவிடுவாள் டிரைவரம்மா. பயம் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது என்றுதான் பணிமனையில் பேச்சு. அப்படிப்பட்டவள் நான்கு நாட்களாக ஒரு கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதை அண்ணியிடம் காட்டத் தைரியம் வராமல் அலைந்துகொண்டிருந்தாள்.

அண்ணன் போய் இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. ஃபிரிட்ஜும் வாஷிங்மெஷினும் பழுது பார்ப்பவர். எந்த மோட்டாரையும் காது வைத்துக் கேட்டே நோய் சொல்லிவிடுவார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் கணக்கு வைத்திருந்த கூட்டுறவு சேமிப்புச் சங்கத்திலிருந்துதான் அந்தக் கடிதம் வந்திருந்தது. "மறைந்த உறுப்பினரின் சேமிப்புக் கணக்கு, பங்குத்தொகை ஆகிய இரண்டுக்கும் தாங்களே நாமினி என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்." அந்தத் 'தாங்கள்' அண்ணி அல்ல, டிரைவரம்மா. கல்யாணத்துக்கு முன்னால், கணக்குத் தொடங்கிய அன்று, அண்ணன் தங்கையின் பெயரை எழுதியிருக்கிறார். பிறகு முப்பத்தொரு வருஷம் ஒருத்தியோடு குடும்பம் நடத்தியும் அதை மாற்றவில்லை.

பணம் பெரிய விஷயமில்லை. அதை அப்படியே அண்ணி கையில் கொடுத்துவிடப் போகிறாள், அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்தக் காகிதத்தை அண்ணி படிக்க வேண்டுமே!

அண்ணிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. மயிரிழை பிசகினாலும் மறுபடி செய்கிறவள். பேச்சும் அப்படித்தான், அளந்துதான் வரும். அண்ணன் போன பிறகு அந்த அளவும் குறைந்துபோயிற்று. "ம்", "சரி", "வேண்டாம்." மூன்றே சொல்லில் இருபத்தாறு நாளை ஓட்டிவிட்டாள்.

"அண்ணி, சங்கத்துல ஒரு கையெழுத்து போடணுமாம். ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம், வாங்க."

"யார் போடணும்?"

"அது... எல்லாரும்தான்."

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "சரி" என்றாள்.

சங்கம் ஒரு மருந்துக்கடைக்கு மேல், முதல் மாடியில் இருந்தது. மூன்று கவுண்ட்டர், ஒரு நீள பெஞ்சு, குடிதண்ணீர் இயந்திரம். கடைசி கவுண்ட்டரில் இருந்த எழுத்தர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேசை முழுக்க அதைத் தேடிக்கொண்டிருந்தார். டிரைவரம்மா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டியதும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே இறக்கிக்கொண்டார். ஒரு பக்கம் சாய்ந்து நின்ற கண்ணாடி.

இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்புத்தகம் எல்லாவற்றையும் அண்ணி ஒரு உறையில் வரிசையாக அடுக்கி எடுத்து வந்திருந்தாள். எழுத்தர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு. நாமினி யாரும்மா? கடுதாசி அனுப்பியிருந்தோமே?"

டிரைவரம்மாவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. வேர்வையில் நனைந்து நனைந்து மடிப்பெல்லாம் கிழியும் நிலையில் இருந்த கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அண்ணி அதை எடுத்தாள். ஒருமுறை படித்தாள். தேதியைப் பார்த்தாள்.

"நாலு நாளா வச்சிருந்தியா?"

"அண்ணி, சத்தியமா எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஒரு காசு வேண்டாம். நீங்க தப்பா நினைச்சுடுவீங்களோன்னுதான்..."

"உன்னை நான் என்னடி நினைக்கப்போறேன்?" அண்ணியின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "முப்பத்தொரு வருஷம். அந்த மனுஷனுக்கு என் பேரை எழுத ஒரு நாள் கிடைக்கல."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய், தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டாள். டிரைவரம்மாவுக்குப் போன அண்ணன்மேலேயே கோபம் வந்தது. ஊரில் இருக்கிற ஃபிரிட்ஜையெல்லாம் சரிபண்ணத் தெரிந்தது, ஒரு காகிதத்தைச் சரிபண்ணத் தெரியவில்லையே மடையா என்று மனசுக்குள் வைதாள்.

எழுத்தர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், நூல்கட்டு போட்ட ஒரு கோப்போடு வந்தார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் இங்க வாங்க. நீங்க சொல்றது சரியில்ல. அவர் எழுதாம இல்ல. மூணு தடவை எழுதியிருக்காரு."

அண்ணி திரும்பினாள்.

எழுத்தர் கோப்பைப் பிரித்து, பழுப்பேறிய ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். நாமினி மாற்றுவதற்கான விண்ணப்பம். நாமினி என்ற இடத்தில் அண்ணியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"இது முதல் தடவை. சாட்சி கையெழுத்து வேணும் இல்லையா? சாட்சி இடத்துலயும் அவரே போட்டுட்டாரு. தனக்குத் தானே சாட்சி! செல்லாதுன்னு திருப்பிட்டாங்க."

அடுத்த தாளில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை தெளிவாக விழுந்திருந்தது. "இது ரெண்டாவது. சாட்சியெல்லாம் ஒழுங்கா வாங்கிட்டு வந்தாரு. ஆனா உறுப்பினர் பேருன்னு இருக்கே, அங்க உங்க பேரு. நாமினின்னு இருக்கிற இடத்துல அவர் பேரு. இதன்படி நீங்க போனா அவர் பணம் அவருக்கே வரும்."

டிரைவரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேன். வீட்ல அம்மாகிட்ட குடுங்க சார், அழகா நிரப்பிக் குடுத்துடுவாங்கன்னேன். 'ஐயையோ, இத்தனை வருஷமா தங்கச்சி பேர்லதான் இருக்குன்னு தெரிஞ்சா நான் தொலைஞ்சேன். முதல்ல மாத்துறேன், அப்புறம் சொல்லிக்கிறேன்'னாரு."

"மூணாவது?" என்றாள் அண்ணி.

எழுத்தர் கொஞ்சம் தயங்கினார். "இது போன வருஷம். எல்லாம் சுத்தமா இருக்கு. பேரு சரி, சாட்சி சரி, தேதி சரி. ஒரே ஒரு கட்டத்துலதான்..." தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

'நாமினிக்கும் உறுப்பினருக்கும் உள்ள உறவுமுறை' என்று அச்சடித்திருந்தது. அதற்கு நேரே அண்ணன் தன் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: முதலாளி.

"நம்ம விதிப்படி வேலை குடுக்கிற முதலாளியை நாமினியா போட முடியாது. செயலாளர் புதுசு, அவருக்கு இவரைத் தெரியாது. விதியைக் காட்டித் திருப்பிட்டாரு. நான் கூப்பிட்டு, 'மனைவின்னு மாத்திக் குடுங்க சார்'னேன். 'உள்ளதைத்தானே எழுதினேன்? சரி, அடுத்த மாசம் வந்து மாத்துறேன்'னு சிரிச்சுட்டுப் போனாரு. அப்புறம் அந்தத் தண்ணி மிஷின் ரிப்பேர்னு ரெண்டு தடவை வந்தாரு. அப்பவும் மறந்துட்டாரு. நானும் மறந்துட்டேன்."

அண்ணி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து டிரைவரம்மா அவள் முதுகில் கை வைத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு. அண்ணி சிரித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய, பெஞ்சில் காத்திருந்தவர்கள் எழுந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"முதலாளியாம்! சம்பளம் குடுத்தேனா நான்? ஒரு நாள் லீவு குடுத்தேனா?"

"லீவு நீங்க எங்க குடுத்தீங்க, அவனே எடுத்துக்குவான்" என்றாள் டிரைவரம்மா. அவளுக்கும் அடக்க முடியவில்லை. பக்கத்து கவுண்ட்டர்ப் பெண்கள் என்ன ஏது என்று ஓடி வந்தார்கள். படிவம் கைமாறியது. அந்த மனுஷன் தண்ணீர் இயந்திரத்தைச் சரிபண்ணிவிட்டுக் கூலி வாங்காமல் போனதை ஒருத்தி சொன்னாள். தன் வீட்டு ஃபிரிட்ஜுக்கு என்ன கோளாறு என்று போனிலேயே சத்தம் கேட்டுச் சொன்னதை இன்னொருத்தி சொன்னாள். செயலாளரே அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சிரித்து முடித்த பிறகு காரியம் நடந்தது. மூன்று படிவமும் செல்லாது என்பதில் மாற்றமில்லை. சட்டப்படி டிரைவரம்மாதான் கையெழுத்துப் போட்டுப் பெற வேண்டும். ஆனால் அவள் விரும்பினால் அங்கேயே இன்னொரு உறுப்பினரின் கணக்குக்கு மாற்றிவிடலாம். அண்ணி உறுப்பினராகச் சேர வேண்டும், அவ்வளவுதான். அறிமுகம் செய்ய ஓர் உறுப்பினர் வேண்டும் என்றதற்கு, மூன்று கவுண்ட்டரிலிருந்தும் மூன்று பேர் "நான் போடுறேன்" என்று கை தூக்கினார்கள்.

அண்ணி சேர்க்கைப் படிவத்தை நிரப்பினாள். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, ஒரு எழுத்துகூடக் கட்டத்தை விட்டு வெளியே போகவில்லை. எழுத்தர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சட்டம் போட்டு மாட்டலாம்மா" என்றார். அண்ணி எட்டி அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினாள். கைப்பையிலிருந்த சின்னத் திருப்புளியால் இரண்டு திருகைத் திருகி, காதுக்கம்பியை ஒரு வளை வளைத்து, திரும்ப மாட்டிவிட்டாள். உலகம் நேராகிவிட்டதுபோல அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அந்த மூணு தாளையும் எனக்குக் குடுப்பீங்களா?"

"ஒரிஜினல் குடுக்கக் கூடாதும்மா, கோப்புல இருக்கணும். நகல் எடுத்துத் தர்றேன்." கலரிலேயே எடுத்துக் கொடுத்தார், கிரீஸ் ரேகை தெரிய வேண்டும் என்று.

படியிறங்கும்போதே அண்ணி மகளுக்குப் போன் போட்டாள். "உங்கப்பா பண்ணின கூத்தைக் கேளு..." வெளியூரில் இருந்த மகள் முதலில் பதறிப்போய், பிறகு விஷயம் புரிந்து, சிரிப்பும் அழுகையுமாகக் கத்தியது டிரைவரம்மாவின் காதில்கூட விழுந்தது.

டிரைவரம்மாவுக்கு மத்தியான ஷிப்ட். "வீட்ல இறக்கி விட்டுடறேன், ஏறுங்க" என்று அண்ணியைத் தன் பேருந்தின் முன் இருக்கையில் உட்காரவைத்தாள். வீட்டு நிறுத்தம் வந்தது. அண்ணி இறங்கவில்லை. கண்ணாடிக் கடையின் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி அப்போதுதான் ஏறியிருந்தாள். அவளுக்கு முதல் படிவத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த நிறுத்தத்தில் தபால்காரர் ஏறினார், அவருக்கும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இருபத்தாறு நாள் வாய் திறக்காதவள், வண்டி கடைசி நிறுத்தம் போய்த் திரும்பியும் இறங்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். பின்னாலிருந்து "சத்தமாச் சொல்லுங்கம்மா, இங்க கேக்கல" என்று ஒரு குரல் வந்தது. அவளும் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தமாகச் சொன்னாள்.

மூன்றாவது சுற்றுக்குள் அண்ணியின் கதையில் அண்ணன் ஏழு படிவம் எழுதியிருந்தார். டிரைவரம்மா கண்ணாடியில் அண்ணியைப் பார்த்தாள். ஒன்றும் திருத்தவில்லை. ஹாரனை ஒருமுறை அழுத்திவிட்டு வளைவில் வண்டியைத் திருப்பினாள்.