நாற்பது வரை எண்ண ஓர் ஆள்

கடைசிச் சண்டையில் இன்ஷிராஹிடம் நான் சொன்னது இதுதான்: "நாப்பது வரைக்கும் எண்ண யாரு வேணா வருவாங்க. நீதான் வேணும்னு ஒண்ணும் இல்ல."

அவள் குளிர்காலத்தில் விவாகரத்து வாங்கிக்கொண்டு தன்தா நகரத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

எதை எண்ணுவது என்று சொல்லிவிடுகிறேன். நான் குவைத்தில் இயற்பியல் வாத்தியார். பதினான்கு வருடமாகக் கோடை விடுமுறைக்குச் சொந்த ஊரான கெய்ரோ போகும்போதெல்லாம், விமானம் ஓடுபாதையில் பாய்கிற நேரம் ஒரு நூலில் மோதிரத்தைக் கட்டித் தொங்கவிடுவேன். மோதிரம் பின்பக்கம் சாயும். மறு கையில் பாகைமானியைப் பிடித்து அந்தச் சாய்வைப் படிப்பேன். சாய்வு தெரிந்தால் நொடிக்கு எவ்வளவு வேகம் கூடுகிறது என்று தெரியும். சக்கரம் தரையை விட எத்தனை நொடி ஆயிற்று என்பதும் தெரிந்துவிட்டால், எழும்பிய வேகம், ஓடிய தூரம் எல்லாம் கணக்கில் வந்துவிடும். எனக்கு இரண்டு கையும் மாட்டிக்கொள்வதால் நொடி சொல்ல இன்னொருவர் வேண்டும். இன்ஷிராஹ் சொல்வாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு, விமானத்தை அவளே தள்ளிக்கொண்டு போவதுபோல. எப்போதும் முப்பத்தாறுக்கும் நாற்பதுக்கும் நடுவில் முடியும்.

இந்த வருடம் விமானத்தில் நூற்றெண்பது பேர். அதில் ஒருவர் எண்ணிவிட்டால் போதும், நான் அவளிடம் சொன்னது உண்மையாகிவிடும். நூலில் கட்டியது கல்யாண மோதிரம்தான். இப்போது அதற்கு வேறு வேலை கிடையாது.

ஜன்னலோரம் இருந்தவர் கை நீட்டினார். "டாக்டர் ரிஃப்கி."

எங்கள் ஊரில் கார் நிறுத்த இடம் காட்டுகிறவன் யாரைப் பார்த்தாலும் பாஷா என்பான். பட்டமெல்லாம் அங்கே மலிவு. அதனால் எதில் டாக்டர் என்று கேட்டுவைத்தேன்.

"நிர்வாகவியல்" என்றார், இதயத்தைத் திறந்து மூடுகிறவரின் தோரணையில்.

"டாக்டர், ஒரு சின்ன உதவி. பிளேன் ஓட ஆரம்பிச்சதும் நொடி எண்ணணும். சக்கரம் தரைய விட்டதும் நிறுத்திடுங்க. இந்தாங்க, என் போன்லயே பாத்துக்கலாம்."

"போனா? சார், நான் முந்நூறு பேரை வெச்சு வேலை வாங்கினவன். என் விரலுக்கே கணக்குத் தெரியும்."

சட்டைப் பையிலிருந்து தஸ்பீஹ் ஜபமாலையை எடுத்தார். நொடிக்கு ஒரு மணி என்றால் எனக்கும் சம்மதம்தான்.

எஞ்சின் உறுமியது. மோதிரம் சாய்ந்து நின்றது. பதினொன்றரைப் பாகை. பக்கத்தில் மணிகள் உருளும் சத்தம். நானே மனதுக்குள் எண்ணியிருக்கலாமே என்பீர்கள். எண்ணினேன். பதினேழில், அவள் குரல் இல்லை என்பது காதில் விழுந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

விமானம் மேலே ஏறியது.

"எத்தனை, டாக்டர்?"

"தொண்ணூத்தொம்பது."

"தொண்ணூத்தொம்பதா!"

"முப்பத்திமூணு, மூணு தடவை. ஒரு மணிகூடத் தப்பல."

விளங்கிவிட்டது. விமானம் குலுங்கியதும் பயத்தில் அவர் கை, தொழுகை முடிந்து மூன்று சுற்று உருட்டும் பழைய வேகத்துக்குப் போய்விட்டது. விரலுக்குக் கணக்குத் தெரியும் என்றது பொய்யில்லை. அது வேறு கணக்கு.

"டாக்டர், இப்படிப் பாத்தா நாம தரையிலயே பத்து கிலோமீட்டர் ஓடியிருக்கோம். ஒட்டகத்தையெல்லாம் ஒதுங்கச் சொல்லிக்கிட்டு."

"ஓடியிருக்கலாமே. பெரிய பிளேன்தானே?" கொஞ்சம் யோசித்தார். "எத்தனை வரணும்னு நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா அதையே சொல்லியிருப்பேன்."

நிர்வாகவியல்.

பிறகு அவர் தூங்கிவிட்டார். நூல் நேராகிவிட்டது. மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் வேகத்திலும் மோதிரம் குவைத்தில் என் அறையில் தொங்குவதுபோலத்தான் தொங்கியது. வேகம் மாறினால் காட்டும். மாறாமல் எவ்வளவு தூரம் போனாலும் அதற்குத் தெரியாது. நோட்டில் சாய்வை எழுதினேன். நொடிக்கான கட்டம் காலியாகக் கிடந்தது.

கெய்ரோவில் சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். விமானம் நிற்பதற்குள் எழுந்து நின்று பெட்டிகளை இறக்கினார்கள். டாக்டர் என் மடியைத் தாண்டிப் போனார். நான் உட்கார்ந்தபடியே தன்தாவுக்குப் போன் போட்டேன். எடுத்தது அக்கா சுஹைர்.

"இன்ஷிராஹ் இருக்காளா, அக்கா?"

"இருக்கா. உன்கிட்ட பேச மாட்டா. என்ன வேணும், என்கிட்ட சொல்லு."

"நாப்பது வரைக்கும் எண்ண எல்லாராலயும் முடியாதுன்னு சொல்லிடுங்க."

"இதுக்கா போன் பண்ணின? கிறுக்கா உனக்கு?" என்றாலும், திரும்பி அதை அப்படியே சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ மெதுவாக ஏதோ பேசினார்கள்.

"அது அவளுக்கு முன்னாடியே தெரியுமாம். வேற ஏதாவது சொல்லணுமான்னு கேக்கறா."

இருந்தது.

"லைன் சரியா கேக்கல, அக்கா" என்றேன்.

லைன் தெளிவாகத்தான் இருந்தது. அவர்கள் வீட்டு அடுப்பில் ஏதோ கொதிப்பதுகூடக் கேட்டது.