மீசை மழிக்காத டயர்

கோர்தோபா மலைப்பக்கத்து ஆட்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். சாவு வீட்டுக்குப் போனாலும் பெட்டிக்குள் கிடப்பவரை ஒரு வார்த்தை கேலி செய்துவிட்டுத்தான் பூ வைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவனை யாருமே கேலி செய்யவில்லை என்றால் என்ன அர்த்தம்? ரொட்டிக்கடை எல்வியோவுக்கு அந்த அர்த்தம் நன்றாகவே தெரிந்திருந்தது. இவன் கதை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

போன ஏப்ரலில் கழுதை வளைவு என்கிற மலைத் திருப்பத்தில் அவன் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது, கொஞ்ச நேரம் நினைவும் தப்பியது. விழுவது என்னவோ அவனோடு வண்டி ஓட்டும் சிநேகிதக் கூட்டத்தில் புதிதில்லை. மெக்கானிக் தெல்மோ ஒருமுறை நிறுத்தி வைத்திருந்த வண்டியிலிருந்தே விழுந்தவன். அதைச் சொல்லிச் சொல்லி வருடக்கணக்காக வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பல் டாக்டர் கிரிசெல்தா கோழிக்கூண்டுக்குள் வண்டியை விட்டபோது, ஈஸ்டர் வரைக்கும் அவளை எல்லாரும் முட்டை விலை கேட்டார்கள். அப்படியிருக்க, எல்வியோ விழுந்ததைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். "பார்த்துப் போ" என்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே திரியும் சிநேகிதர்கள் பேசுகிற பேச்சா அது? மாமியார் வீட்டு விசாரிப்பு மாதிரி இருந்தது.

செப்டம்பர் வந்தது, அந்தத் தெற்குச் சீமையில் அப்போதுதான் குளிர் விடும். மலையெல்லாம் வேலமரங்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. தெல்மோ வண்டியைச் சரிசெய்து, இரண்டு புது டயரும் மாட்டிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஆற்றங்கரைக்குச் சாப்பிடப் போவதாக ஏற்பாடு. எல்வியோ மனதுக்குள் ஒரு முடிவோடுதான் கிளம்பினான். இன்றைக்கும் கேலி இல்லையென்றால் வண்டியை மைத்துனன் மகனுக்கு விற்றுவிட வேண்டியது. பரிதாபப்பட்டுக் கூட்டிக்கொண்டு போகிற ஊர்வலத்தில் அவன் ஏன் போக வேண்டும்?

புது டயர் போட்டவன் முன்னால் போக வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் சட்டம். புது ரப்பரில் ஒரு பளபளப்பு இருக்கும், அது தேயும்வரை வழுக்கும். அதனால் அவன் மெதுவாகப் போவான், மற்றவர்கள் அவனுக்குப் பின்னால். இன்னொரு சட்டமும் உண்டு. சாப்பிட நிறுத்துகிற இடத்தில் எல்லாரும் குனிந்து அந்த டயரைப் பார்ப்பார்கள். புது டயர் முழுக்கக் குட்டிக்குட்டியாக ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும். வளைவுகளில் வண்டியைச் சாய்த்து ஓட்டினால் ஓரத்து முடியும் மழிந்துபோகும். பயந்து நிமிர்ந்தே ஓட்டினால் நடுவில் மொட்டை, இரண்டு ஓரத்திலும் மீசை. மீசையோடு வந்து நின்றவன் பாடு அன்றைக்குத் திண்டாட்டம்தான். போன வருடம் கிரிசெல்தாவின் டயரில் மீசை இருந்ததற்கு, சவரச் சோப்பு வாங்கிவந்து சர்ச் வாசலில் அந்த டயருக்கு நுரை பூசிவிட்டவன் வேறு யாருமில்லை, இதே எல்வியோதான்.

அவன் முன்னால் போனான். போனான் என்றா சொல்வது? ஊர்ந்தான். புது டயர் என்ற சாக்கு கையில் இருந்தது, சரி. ஆனால் பளபளப்புத் தேய்ந்து வெகுநேரமான பிறகும் ஒவ்வொரு வளைவிலும் அவன் கை தானாக பிரேக்கைப் பிடித்தது. வண்டி சாய மறுத்தது. சாய மறுத்தது வண்டியா அவனா என்று கேட்டால் அவனே ஒப்புக்கொள்வான், அவன்தான். பயம். வெட்கம் கெட்ட பயம். சைக்கிளில் போன ஒரு பாதிரியார் அவனை முந்திக்கொண்டு போனார், போகிறபோக்கில் கையை வேறு ஆட்டினார். பின்னால் இருந்த இருவரும் ஹாரன்கூட அடிக்கவில்லை.

ஆற்றங்கரையில் கிளைகள் தொங்கும் வில்லோ மர நிழலில் நிறுத்தினார்கள். எல்வியோ ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே காத்திருந்தான். தெல்மோ வந்தான், பின் டயரைப் பார்த்தான். இரண்டு ஓரத்திலும் மீசை, சும்மா முறுக்கிவிட்ட மீசை.

"நல்லாத்தான் இருக்கு" என்றான் தெல்மோ. "அவசரமே இல்ல. இப்படியே நிதானமாப் போ."

"ஆமா, நமக்கென்ன ரயிலா போயிடும்" என்றாள் கிரிசெல்தா, வேறு எங்கோ பார்த்தபடி.

இந்த கிரிசெல்தா யார் தெரியுமா? வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே கருவியை விட்டுவிட்டு, பதில் பேச முடியாதவர்களிடம் ஊர்க்கதை பேசுகிறவள். அப்படிப்பட்டவள் வாயிலிருந்து வந்தது வெறும் ரயில்தான், கேலி இல்லை.

உப்பு ரொட்டியும் சலாமி இறைச்சியும் வெட்டி வைத்தார்கள். எல்லாரும் ஒரே குழலில் உறிஞ்சும் மாத்தே இலைத் தேநீரைக் கிரிசெல்தா ஊற்றினாள். குடுவை கைமாறிச் சுற்றி வந்தது. முதல் சுற்றிலேயே எல்வியோ குழலை உறிஞ்சிவிட்டு, "நன்றி" என்று திருப்பிக் கொடுத்தான். மாத்தே குடிக்கிறவர்கள் நன்றி சொன்னால் இனி வேண்டாம், ஆளை விடுங்கள் என்று பொருள். வேறு நாளாக இருந்தால், முதல் சுற்றிலேயே நன்றி சொன்னவனோடு கிரிசெல்தா சண்டைக்கே வந்திருப்பாள். இப்போது தலையை ஆட்டிவிட்டு குடுவையை தெல்மோவுக்கு நிரப்பினாள்.

சாப்பாடு முடிந்ததும் இருவரும் முகத்தில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்கள். தெல்மோ குறட்டை விட ஆரம்பித்தான். எல்வியோ தன் வண்டியைப் பார்த்தான். அந்த மீசை அவனைப் பார்த்தது. அப்போதுதான் அவன் புத்தி புல் மேயப் போனது. ஆற்றோரம் சொரசொரப்பான ஒரு கல்லை எடுத்து வந்து, டயருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஓரத்து முடியை மழிக்க ஆரம்பித்தான்.

தேய்த்தான், தேய்த்தான், வேர்வை ஒழுகத் தேய்த்தான். இடப்பக்கம், வலப்பக்கம். வண்டியை உருட்டினால் சரளைக்கல் சத்தம் கேட்கும் என்று உருட்டவில்லை. கைக்கு எட்டிய வரைக்கும் வழுவழுவென்று மாப்பிள்ளைச் சவரம். கல்லை ஆற்றில் வீசிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மரத்தில் சாய்ந்துகொண்டான். இனி பரிதாபப்பட என்ன இருக்கிறது?

கிரிசெல்தா எழுந்தாள், சோம்பல் முறித்தாள், வண்டிப் பக்கம் நடந்தாள், நின்றாள்.

"தெல்மோ, எந்திரி. இங்க வா."

தெல்மோ வந்து குனிந்தான். ஓரத்தை விரலால் தடவினான். விரலில் கருப்பு மாவு ஒட்டியது.

"எல்வியோ, ஓரம் வரைக்கும் போயிருக்கே. எப்பப்பா இவ்வளவு சாய்ச்சே?"

"வழியிலதான். அந்தப் பாலத்துக்கிட்ட வளைவு இருக்குல்ல, அங்க ஒரு சாய்ப்பு சாய்ச்சேன். நீங்க கவனிக்கல போல."

வழி முழுக்க முன்னால் போனது அவன், இவர்கள் இருவரும் அவன் டயரைத் தவிர வேறெதையும் பார்க்காமல் பின்னால் வந்திருந்தார்கள். அது அவனுக்குச் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

தெல்மோ விரலைத் துடைத்துக்கொண்டான். வண்டியைப் பிடித்து மெதுவாக ஒரு முழம் பின்னால் உருட்டினான். மட்கார்டுக்குள் இருந்த பாகம் கீழே இறங்கி வந்தது. முடி. அடர்த்தியாக, அழகாக, தலைமுடி கொட்டிய தெல்மோவே பொறாமைப்படும்படியாக முடி.

கிரிசெல்தா உதட்டைக் கடித்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரித்துவிடு தாயே, என்று எல்வியோ மனதுக்குள் கும்பிட்டான். நீ சிரிக்காவிட்டால் நான் செத்தேன்.

"பாதிச் சவரத்துல... கரண்டு போயிடுச்சா?" என்றாள் கிரிசெல்தா. அவ்வளவுதான், அணை உடைந்தது. அவள் சிரித்துச் சிரித்துச் சரளையில் உட்கார்ந்துவிட்டாள். தெல்மோ வண்டியைப் பிடித்துக்கொண்டே ஆடினான். "அடப்பாவி, ரப்பர் என்ன விலை விக்குது, கல்லால தேய்ச்சிருக்கியேடா! நான் மாட்டின டயருடா அது!"

எல்வியோவும் சிரித்தான். சிரிப்போடு கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது, அதை அவன் மறைக்கவில்லை.

"அஞ்சு மாசம்" என்றான். "அஞ்சு மாசமா ஒருத்தராவது ஒரு வார்த்தை கேலி பண்ணினீங்களா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கிரிசெல்தாவின் சிரிப்பு நின்றது.

"நீ செத்துட்டேன்னுதாண்டா நினைச்சேன்" என்றாள். "அன்னிக்கு வளைவுல உன் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு உன்னைக் கூப்பிடுறேன், கண்ணைத் திறக்கல. சரி, திட்டினா நீ எந்திரிப்பேன்னு கழுதைன்னேன், கஞ்சப்பயலேன்னேன். உன் ரொட்டியைக் கடிச்சுதான் ஊர்ல பாதிப் பேருக்குப் பல்லு உடையுதுன்னேன். எதுக்கும் பதில் சொல்ற வாய், அது பாட்டுக்குத் திறந்து கிடந்துச்சு. அதுக்கப்புறம் உன்னைத் திட்ட வாயெடுத்தாலே அதுதான் கண்ணு முன்னாடி வருது. திட்டி, நீ திரும்பப் பதில் சொல்லலைன்னா நான் என்னடா பண்ணுவேன்?"

தெல்மோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எல்வியோ மூக்கை உறிஞ்சினான்.

"என் ரொட்டிக்கு ஒண்ணும் பல்லு உடையல. உன் முகத்தைப் பார்த்த பயத்துல தானா விழுது."

ஐந்து மாதம் தாமதமாக வந்த பதில். கிரிசெல்தா அவன் காதைப் பிடித்துத் திருகினாள், பிறகு அதே கையால் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

திரும்பும்போது தெல்மோ புது ரோட்டு வழியாகப் போகலாம் என்று இழுத்தான். அது கழுதை வளைவைத் தொடாத வழி.

"பழைய ரோடுதான்" என்றான் எல்வியோ. "முன்னாடி நான். சட்டம்னா சட்டம்."

கழுதை வளைவு வந்தது. பயம் எங்கும் போய்விடவில்லை. கை மறுபடியும் தானாக பிரேக்கைப் பிடித்தது. எல்வியோ ஆமையாகிவிட்டான். வண்டி தந்திக் கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்று நகர்ந்தது. பின்னாலிருந்து இரண்டு ஹாரனும் ஒன்றாக அலறின.

"டேய், இறங்கித் தள்ளுடா, சீக்கிரம் போயிடலாம்!"

"மீசைக்கு எண்ணெய் தடவிச் சீவி விடுடா! கல்லு வேணுமா, பொறுக்கித் தரவா?"

"பாதிரியார் வீடு போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சிருப்பாருடா!"

வளைவு முடிந்து நேர்ரோடு வந்தது. இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒரு குழியும் இல்லாத ரோடு. பயப்பட அங்கே எதுவுமே இல்லை. ஆனாலும் எல்வியோ வேகத்தைக் கூட்டவில்லை. வேகமாகப் போனால் காற்றுச் சத்தத்தில் பின்னால் பேசுவது காதில் விழாது. எவ்வளவு மெதுவாகப் போனால் எவ்வளவு திட்டு கிடைக்குமோ, அவ்வளவு மெதுவாக ஊர் வரைக்கும் போனான்.