கட்டாயம் ஆன்ட்டி

"கட்டாயம் ஆன்ட்டி" என்று சொல்லி முடித்த பிறகுதான் ரெபெக்கா என்றைக்கு என்று கேட்டாள்.

"நாளைக்குத்தான். வியாழன், ஏழு மணி. இந்தத் தடவை ஜெபக்கூட்டம் உங்க வீட்ல" என்று சொல்லிவிட்டு ஜெயலீலா ஆன்ட்டி போனை வைத்தார்.

செவ்வாயும் வியாழனும் ஆறரைக்கு ரெபெக்காவுக்கு நூலகத்தில் ஆங்கில வகுப்பு, சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மூன்று நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிட்டு, காத்திருக்கும் அடுத்தவருக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். அவள் ஏற்கெனவே இரண்டு நாள் போகவில்லை. ஒன்று மகள் ஜூலியட்டுக்குக் காய்ச்சல் வந்த நாள். இன்னொன்று பனி பெய்த நாள். அன்று அவர்கள் குடியேறிய ஐசலின் ஊரில் எல்லோரும் கார் ஓட்டினார்கள், அவளுக்கு மட்டும்தான் பயம்.

அந்த இடம் அவளுக்கு முக்கியம். போன மாதம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் மூச்சுவிடாமல் பேசியதை ஆறு வயது ஜூலியட்தான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தாள். ஐந்து நிமிடப் புகார் தமிழில் "நான் குட் கேர்ளாம்" என்று முடிந்தது.

வகுப்பில் இந்த வாரப் பாடம் மஸ்ட், ஹேவ் டு, ஷுட். டோனா மிஸ் விளக்கியதை ரெபெக்கா தன் நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்: மஸ்ட் என்பது சொல்பவர் மனதிலிருந்து வருவது. ஹேவ் டு என்பது வெளியே யாரோ வைத்த விதி. ஷுட் என்றால் செய்வது நல்லது, செய்யாவிட்டால் போலீஸ் வராது. ஒரு வாரம் செய்ய வேண்டியவற்றையெல்லாம் குறித்து, யார் சொன்னது என்றும் எழுதி வரச் சொல்லியிருந்தார் மிஸ். ரெபெக்கா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பென்சிலால் எழுதினாள். இதுவரை முப்பத்து நான்கு. அவற்றில் இருபத்தாறுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. வீட்டில் பேசும் தமிழில் எல்லாமே ஒரு "ணும்"மில் அடங்கிவிடுகிறது. பால் வாங்கணும், ஃபீஸ் கட்டணும், ஆன்ட்டிக்குப் போன் பண்ணணும். எதை எந்தக் கட்டத்தில் போடுவது?

"வேற நாள் வைங்கன்னு சொல்லிடேன்" என்றான் கணவன் பெனிஷ், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஜெபத்தைப் போய் எப்படிங்க வேணாம்னு சொல்றது?"

"ஜெபத்தை யாரு வேணாம்னு சொன்னா? நாளைத்தானே மாத்தச் சொல்றோம்."

"அப்ப நீங்களே சொல்லுங்க."

"நானா? ஜெயலீலா ஆன்ட்டிகிட்டயா?" அவன் அவசரமாக ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான். "எனக்கு ஒரு கால் இருக்கு."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆன்ட்டி ஓய்வுபெற்ற நர்ஸ். பதினாறு வருடமாக மாதம் ஒரு வியாழன் இந்தக் கூட்டத்தை நடத்துகிறவர். டென்னிஸ் அங்கிள் வீட்டு பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறிய வாரத்தில்கூட மாடியில் ஜெபம் நடந்தது.

ரெபெக்கா நோட்டைத் திறந்தாள். முப்பத்தைந்து, வியாழன் ஜெபம். யார் சொன்னது? "ஆன்ட்டி" என்று எழுதினாள். ஆன்ட்டி நாளைத்தானே சொன்னார், நீ இருந்தே ஆகவேண்டும் என்றா சொன்னார்? அழித்தாள். "சபை" என்று எழுதினாள். சபையில் அப்படி ஒரு சட்டம் இருப்பதாகத் தெரியவில்லை. அதையும் அழித்தாள். மூன்றாவது தடவை "நான்" என்று எழுதுவதற்குள் தாள் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது.

போனை எடுத்தாள். சொல்ல வேண்டியதை முதலில் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நாளைக்கு ஜெபம் எங்க வீட்லதான். ஆனா நான் இருக்க மாட்டேன்."

"ஏன், எங்க போற?"

"கிளாஸுக்கு. இன்னொரு லீவு போட்டா பேரை அடிச்சிடுவாங்க."

"கேட்டப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"கட்டாயம்னு வாய்ல வந்துடுச்சு ஆன்ட்டி."

"வீட்டுக்காரி இல்லாம வீட்டு ஜெபமா?"

"இட்லி ஹாட் பாக்ஸ்ல இருக்கும். சாம்பார் அடுப்பு மேல இருக்கும். டீ அவர் போட்டுத் தருவார்."

"பெனிஷா?" என்றார் ஆன்ட்டி. அவன் போடும் டீயைப் பற்றிய மொத்த அபிப்பிராயமும் அதில் இருந்தது. பிறகு "சரி" என்று வைத்துவிட்டார். அது எந்தச் சரி என்று ரெபெக்காவுக்குப் புரியவில்லை.

மறுநாள் வகுப்பில் மிஸ் அவள் பெயருக்கு நேரே டிக் போட்டார். நோட்டைப் புரட்டி, முப்பத்தைந்தாம் வரியின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தார். மற்றபடி ரெபெக்காவின் காதில் பாடம் பாதிதான் விழுந்தது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருப்பார்களோ?

எட்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தபோது வாசலில் பதினொரு ஜோடி செருப்பு. கதவருகே ஜூலியட் உட்கார்ந்திருந்தாள். "மம்மி, ஐ ஆம் ஸோ ஹங்ரி. தே ஆர் நாட் ஸ்டாப்பிங்" என்று கிசுகிசுத்தாள்.

உள்ளே ஆன்ட்டி கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். "ஆண்டவரே, ரெபெக்கா மகளுக்கு ஞாபகசக்தியைக் கொடும். மூணாவது லீவு வராதபடிக்குக் காத்துக்கொள்ளும். செவ்வாயும் வியாழனும் ஸ்னோவைத் தடுத்து நிறுத்தும்."

"ஆமென்" என்றார்கள் எல்லோரும், பசியோடு.

ஆன்ட்டி கண்ணைத் திறந்தார். "வந்துட்டியா? நீ வராம உன் வீட்ல எப்படிக் கை நனைக்கிறது? ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டினேன். சாம்பார்ல உப்பே இல்ல, போட்டுட்டேன்."

"கொஞ்சமா?" என்றார் டென்னிஸ் அங்கிள். "என் பேரன் பரீட்சைக்குக்கூட இவ்ளோ நேரம் ஜெபிச்சதில்ல. சொல்லப்போனா ஆன்ட்டி, வியாழக்கிழமை எனக்கும் கொஞ்சம் கஷ்டம்தான். ஆபீஸ் மீட்டிங்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"ஜெபத்தைப் போய் எப்படி…"

ஆன்ட்டி ரெபெக்காவின் பக்கம் திரும்பினார். "அப்ப புதன்கிழமைக்கு மாத்திடலாம். அடுத்த மாசம் முதல் புதன் எங்க வீட்ல. நீ தேங்காய்ச் சட்னி கொண்டு வந்துடு."

"கட்டாயம் ஆ…" என்று ரெபெக்காவின் வாய் கிளம்பிவிட்டது. மூலையில் டீ டம்ளர்களோடு நின்ற பெனிஷ் நிமிர்ந்து பார்த்தான். அவள் நிறுத்திக்கொண்டாள்.

"காலண்டர் பாத்துட்டுச் சொல்றேன் ஆன்ட்டி."

ஆன்ட்டி இட்லித் தட்டை அவள் கையில் கொடுத்தார்.

"பாத்துச் சொல்லு. ஆனா நான் கிளம்புறதுக்குள்ள சொல்லு."