மேவிஸ் கிளம்பினால் ஓடும் கார்

கத்பர்ட் ப்ளோரைட் இருபத்தொரு வருஷம் பழுது பார்த்த 1904ஆம் வருஷத்துக் கார், அவருடைய மனைவி மேவிஸ் அவரை விட்டுப் போய்விட நிஜமாகவே முடிவெடுத்த நேரங்களில் மட்டும் ஓடியது. மற்ற நேரங்களில் அது பார்க்க லட்சணமாக இருந்தது. லிங்கன்ஷையரில் எங்கள் ஹேக்கர்பி கிராமத்தில் 2002ஆம் வருஷம் உருளைக்கிழங்கு மூட்டை நாலு பவுண்டுக்குப் போனது, தேவாலயக் கூரையின் ஈயத் தகடு திருடு போனது, இதுவும் நடந்தது.

1981இல் ஒரு கோழிக் கொட்டகையிலிருந்து கத்பர்ட் அதை மீட்டு வந்தார். ஒற்றை சிலிண்டர், ஒரு பித்தளை விளக்கு, இருக்கைக்கு அடியில் பதினோரு முட்டை. நவம்பர் முதல் ஞாயிறன்று லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்குப் போகும் ஓட்டத்தில் 1904 டிசம்பர் முடிவதற்குள் செய்த கார்களுக்குத்தான் இடம். ஒரு நாள் பிந்தியிருந்தாலும் அது வெறும் பழைய கார். கத்பர்ட்டின் கார் டிசம்பர் ஒன்பதாம் தேதி பிறந்தது. என்னுடையது 1906, அதனால் எங்கள் பழங்கார் சங்கத்தில் எனக்குத் தேநீர் போடும் பொறுப்பு. கத்பர்ட் கெட்டவர் அல்லர். கொட்டகைக்குள் நிறையப் பேசுவார், காரோடு. அந்தக் காலத்துத் திருகு ஒன்றைத் தேடி ஸ்காட்லாந்து வரை போனவர் திரும்பி வந்தபோது, மேவிஸின் ஐம்பதாவது பிறந்தநாள் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. திருகு சரியாகப் பொருந்தியது. பிரைட்டனில் நாலரை மணிக்குள் வந்து சேர்கிறவர்களுக்குக் கொடுக்கும் பதக்கம் ஒன்றைத் தவிர அவர் வாழ்க்கையில் வேறெதையும் கேட்டதில்லை. மேவிஸ் கேட்டிருந்தது, அவர் கொட்டகைக்குப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எல்லாப் பாகமும் பூட்டி முடிந்த பிறகும் கார் உறுமக்கூட இல்லை. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கத்பர்ட்டின் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியது. 2002 ஏப்ரலில், மேவிஸ் ஆரஞ்சு ஜாம் கிண்டும் செம்புப் பாத்திரத்தில் அவர் பற்சக்கரங்களை எண்ணெய் போக வேகவைத்தார். அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவள் வாசற்கதவைச் சாத்திய கணத்தில் கார் தானாகக் கிளம்பியது. சத்தம் கேட்டுத் திரும்பி வந்து பார்த்தால், கத்பர்ட் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறார். அவளுக்கு மனசு இளகியது. கார் நின்றது. ஜூலைக்குள் இன்னும் மூன்று முறை இப்படியே ஆனது. அவள் கோபம் ஏற ஏற வேகமும் ஏறியது. இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவர் சங்கத்தின் டெஸ்மண்ட் ஸ்காரட். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆய்வாளர், எதையும் இரண்டு முறை சொல்பவர்.

மேவிஸிடம் சொன்னபோது முதலில் கத்பர்ட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்ப இத்தன நாளா நான்தான் உன் பெட்ரோலா?"

"லிட்டருக்கு நல்லா மைலேஜ் குடுக்கற, மேவிஸ்," என்றார் டெஸ்மண்ட்.

"நீ சும்மா கெட, டெஸ்மண்ட். உன் பொண்டாட்டி போனப்ப உன் சைக்கிள்கூட நகரல."

ஆனாலும் ஒத்துக்கொண்டாள். பிரைட்டனை ஒட்டிய ஹோவ் நகரில் அவளுடைய தங்கை இருந்தாள். மேவிஸ் பெட்டியோடு டெஸ்மண்டின் வேனில் முன்னால் போவது, கத்பர்ட் பின்னால் வருவது, பதக்கம் கிடைத்ததும் மூவரும் சேர்ந்து வறுத்த மீன் சாப்பிடுவது என்று ஏற்பாடு. பொய்யாகக் கிளம்பினால் கார் அசையாது என்ற கவலைக்கு இடமே வரவில்லை. குளிர்ந்தால் மக்கர் பண்ணும் என்று கத்பர்ட் முந்தின இரவு லண்டன் விடுதிப் படுக்கையில் கார்புரேட்டரைத் தமக்கும் மேவிஸுக்கும் நடுவில் படுக்க வைத்திருந்தார். காலையில் அவள் இரவு உடுப்பில் எண்ணெய்க் கறையோடு எழுந்தாள். ஹைட் பார்க்கில் வழக்கப்படி சிவப்புக் கொடியைக் கிழித்து ஓட்டத்தைத் தொடங்கினார்கள். கார் முதல் நாற்பது மைல் குதிரைக்குட்டி மாதிரி ஓடியது.

பிரைட்டனுக்கு ஏழு மைல் இருக்கும்போது கடைசி மேடு. மழை பிடித்திருந்தது. மேவிஸ் வேனின் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். கூரையில்லாத காரில் ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவும் பயந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவ்வளவுதான், பாதி மேட்டில் கார் நின்றுவிட்டது. அவள் வேனை நிறுத்தச் சொல்லி, தேநீர்க் குவளையோடு இறங்கி வந்தாள்.

"இந்தா, சூடா குடி."

"டீ கெடக்கட்டும். நீ போ மேவிஸ். மணி மூணு நாப்பது."

"போகத் தோணலையே. மூக்கு பீட்ரூட்டாட்டம் இருக்கு உனக்கு. பாத்தா பாவமா இருக்கு."

"பாவம் பாத்தா இது மேடு ஏறாதும்மா."

"அவளுக்குக் கோவம் வர்ற மாதிரி ஏதாவது சொல்லித் தொலையேன்ப்பா," என்று வேனிலிருந்து டெஸ்மண்ட் கத்தினார். "அவ சமையலச் சொல்லு! சமையலச் சொல்லு!"

"உன் ஆப்பிள் பணியாரம்... நல்லாவே இருக்காது," என்றார் கத்பர்ட்.

"எனக்கே தெரியும்," என்று சொல்லி அவள் அவருடைய தொப்பியிலிருந்து மழைத் தண்ணீரைத் தட்டிவிட்டாள். மேட்டில் மற்றவர்களின் கார்கள் புகையோடு கடந்துபோயின. ஒருவர் ஹாரனை அமுக்கிக் கையசைத்தார். கத்பர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இது வரை அவள் ஐந்து முறை போய் ஐந்து முறையும் திரும்பி வந்திருக்கிறாள். அந்தக் கணக்கை நம்பித்தான் அவர் வாயைத் திறந்தார்.

"உங்கம்மா செத்த அன்னிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து போன் ஒண்ணரைக்கு வந்துது."

"ரெண்டரைக்கு."

"ஒண்ணரைக்கு. கொட்டகையில நான்தான் எடுத்தேன். உடனே கூட்டிட்டு வாங்கன்னாங்க. பேரிங் வார்க்க வெள்ளீயம் உருக்கி வச்சிருந்தேன். ஆறிட்டா எல்லாத்தையும் திரும்ப மொதல்லேர்ந்து பண்ணணும். ஊத்தி, அது இறுகினப்புறம் வந்து சொன்னேன்."

எட்டு வருஷத்துக்கு முந்தைய விஷயம். அன்று அவர்கள் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அம்மா இரண்டே முக்காலுக்குப் போயிருந்தாள், கடைசி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததாக நர்ஸ் சொன்னாள்.

மேவிஸ் ரேடியேட்டரைப் பார்த்தபடி கேட்டாள்.

"பேரிங் நல்லா வந்துதா?"

"வந்துது," என்றார் அவர். நேராகக் கேட்டால் பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

அவள் குவளையைக் காரின் படியில் சிந்தாமல் வைத்தாள், வேனிலிருந்து பெட்டியை எடுத்தாள், சாலையை விட்டு இறங்கிப் புல்மேட்டின் ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். டெஸ்மண்ட் இரண்டு முறை கூப்பிட்டார். அவள் பத்தடி போவதற்குள் கார் எகிறிக் கிளம்பியது; நாலு சிலிண்டர் கார்கள் திணறிய மேட்டை ஒற்றை சிலிண்டரால் ஏறிக் கடந்தது. நாலு பதினொன்றுக்கு கத்பர்ட் பிரைட்டனில் பதக்கம் வாங்கினார். கடற்கரையில் மூன்று பேருக்கு மீன் சொன்னார். இரண்டு பேர் சாப்பிட்டார்கள்.

நாலாம் நாள் மேவிஸிடமிருந்து தங்கைக்கு ஒரு போன் வந்தது: நலமாக இருக்கிறாள், யாரும் தேட வேண்டாம். இதற்குள் இன்னொன்றும் தெரிந்துவிட்டது. என்ஜின் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்ததை டிரெய்லரில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார்கள், டாங்கைக் காலி செய்தார்கள், ஓடியது. சங்கம் கூடி விதிப் புத்தகத்தைப் புரட்டி, இதற்கு எதிராக விதி ஏதும் இல்லை என்று தீர்மானம் போட்டது. நான் தேநீர் போட்டேன். ஏறி உட்கார்ந்தால் அவள் இருக்கும் இடத்துக்கே அது கொண்டுபோகும் என்று டெஸ்மண்ட் சொல்ல, கத்பர்ட் ஒரு முறை கிளம்பியும் பார்த்தார். கிராந்தம் ஊரைத் தாண்டியதும் வேகம் கைமீறிப் போனது. "நான் கிட்டப் போகப் போக அவளுக்கு இன்னும் தள்ளிப் போகணும்னு இருக்குதுய்யா," என்று திரும்பி வந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் அதை ஓட்டவில்லை.

இது நடந்து பதினேழு வருஷம் ஆகிறது. இரைச்சல் பற்றிப் புகார் வந்து மாவட்ட அதிகாரி அளக்க வந்தார், அளந்தார், எழுதிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுக்கு வந்த இளம் தம்பதியின் குழந்தைக்கு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது. கத்பர்ட்டுக்கு எண்பத்தாறு. கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சூடான ரேடியேட்டர் மேல் ரொட்டியை வாட்டித் தின்கிறார். எப்போதாவது, வருஷத்துக்கு ஒரு தடவை இருக்கும், என்ஜின் ஒரு தாளம் தடுமாறும். அவர் உடனே எழுந்து சட்டைப் பொத்தானைச் சரிசெய்து வாசலைப் பார்த்து நிற்பார். போன செவ்வாய்க்கிழமை நான் அங்கே இருந்தபோதும் தடுமாறியது, இரண்டு தாளம். பிறகு சீரானது. அவர் உட்கார்ந்து ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.