தெரிந்த குறைகள் ஏதேனும் உண்டா?

1

மனிதன் தன் வாழ்நாளில் கட்டிக்கொள்ளும் ஒரே நிரந்தர வீடு அவனுடைய நேர்மைதான்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லில் செதுக்கலாம் போலிருந்தது. பிறகுதான் உறைத்தது: அந்த வீட்டுக்குப் பத்திரம் கிடையாது, குழாய் இணைப்பு கிடையாது, வாங்கவும் யாரும் வர மாட்டார்கள்.

கதை பிறந்தது அத்தனை உயரத்தில் இல்லை. வீடு விற்பவர் நிரப்பித் தர வேண்டிய ஒரு படிவத்தில் பிறந்தது. மூன்றாம் பக்கம், பதினான்காம் கேள்வி: ‘வீட்டில் உங்களுக்குத் தெரிந்த குறைகள் ஏதேனும் உண்டா?’ பதிலுக்கு நான்கு வரி இடம்.

2

முதல் தொடக்கம்: ‘வானம் கறுத்திருந்தது. அவர் நெஞ்சிலும் ஒரு மேகம்—’

(வேண்டாம். நெஞ்சில் மேகம் வைப்பவர்களை நானே படிப்பதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: ‘அசையாச் சொத்தின் உரிமை மாற்றம் என்பது யாதெனில்—’

(கொட்டாவி. என்னுடையது.)

மூன்றாவது: ஓய்வுபெற்ற எடை ஆய்வாளர் ஒருவர் தன் மாடி வீட்டை விற்க முடிவுசெய்தார்.

இது பரவாயில்லை. முப்பத்தோரு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்தவர். தட்டுக்கு அடியில் புளியங்கொட்டை அளவு மெழுகு ஒட்டியிருந்தாலும் வாசலிலிருந்தே கண்டுபிடிப்பார். கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மில்லிகிராம். அது வசை என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. பட்டம் என்றே நினைத்திருக்கிறார்.

அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வீட்டுக்கு இருபத்திரண்டு படி. அந்த அம்மா கடைசியாகக் கீழே இறங்கியது ஐந்து மாதத்துக்கு முன்பு, எக்ஸ்ரே எடுக்க. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். பக்கத்துப் பகுதியில் தரைத்தள வீடு ஒன்று கிடைத்திருந்தது. மாதக் கடைசி வரைதான் காத்திருப்பேன் என்று அதன் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

விற்க வேண்டிய வீட்டில் ஒரே ஒரு குறை. மழை வந்தால் சின்ன அறையின் மூலைச் சுவர் அழும். நான்கு கொத்தனார்கள் பார்த்தாகிவிட்டது. நான்கு பேரும் முந்தைய கொத்தனாரைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

மில்லிகிராம் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தார். முன்னால் பீரோவை நகர்த்தி வைத்தார்.

“சொல்லிட்டே வித்தா என்னங்க?” என்றார் மனைவி.

“சொன்னா எவன் வாங்குவான்?”

“தராசுக்கு அடியில மெழுகு வச்சவனும் இதையேதானே சொல்லியிருப்பான்?”

“நீ படியெறங்கணுமா, வேணாமா?”

அந்த அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டார்.*

———
* ஒரு சட்டக் குறிப்பு, இலவசமாக: வாங்குபவர் கண்ணில் படக்கூடிய குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்று பொதுவாக யாரும் வற்புறுத்துவதில்லை, தெரிந்தே மறைத்த குறை வேறு கணக்கு. பீரோவை நகர்த்தினால் தெரியும் குறை எந்த வகை? வக்கீல் நண்பரிடம் கேட்டேன். “பீரோ எவ்வளவு கனம்?” என்றார்.

3

வாங்க வந்தவர் ஒரு நர்ஸ். பணி முடிந்து உடை மாற்றாமல் வந்திருந்தார். கேள்விகளைக் கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தார்.

“பத்திரம் உங்க பேர்ல மட்டும்தானா சார்?”

“என் பேர், இவ பேர். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்.”

“வில்லங்கம் ஏதாவது?”

“என் மேலயே ஒரு வில்லங்கம் கிடையாதும்மா. வீட்டு மேல எப்படி இருக்கும்?”

“வீட்டோட என்னென்ன வரும்? ஃபேன், பாத்ரூம் ஹீட்டர், அப்புறம்…” நர்ஸ் சின்ன அறையில் நின்றார். “இந்த பீரோ?”

மில்லிகிராமின் மூளை இந்த வயதிலும் துல்லியமாக வேலை செய்தது. “அதுவும்தான்! சும்மாவே வச்சுக்கோங்க. ஆனா நகத்தாதீங்க. பழசு, கால் ஒடிஞ்சிடும்.”

கூடத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது. “எங்க அப்பா கல்யாணத்துக்குக் குடுத்த பீரோம்மா. பத்திரமாப் பாத்துக்கோ. எனக்கே கால் இல்ல, அதுக்காவது இருக்கட்டும்.”

நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்த ரூம் என் பொண்ணுக்கு. அவளுக்கு இளைப்பு இருக்கு. இங்க நல்லா காத்து வருது.”

[மகளை இந்த இடத்தில் வெட்டிவிட்டால் கதை நகைச்சுவையாகவே முடியும். இரண்டு முறை வெட்டினேன். கதையிலிருந்து போனாள், அந்த அறையிலிருந்து போகவில்லை.]

4

நர்ஸ் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. சின்னஞ்சிறு கையில் நரம்பைத் தேடிக் கண்டுபிடிக்கிறவர், ஒரு சுவரில் மட்டும் புது வெள்ளை இருப்பதைக் கவனிக்காமலா போவார்? வாசகர் கேட்பீர்கள். கேளுங்கள். குடியிருந்த வாடகை வீட்டை அந்த மாதமே காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். மூட்டை கட்டிவிட்டு வீடு பார்ப்பவர்கள் சுவர் பார்ப்பதில்லை.

மறுநாள் மில்லிகிராம் படிவத்தோடு ஓர் எழுத்தாளரிடம் போனார்.

(எழுத்தாளர், எழுத்தாளர் என்று எத்தனை பத்திதான் ஓட்டுவது? என்னிடம் வந்தார். நான் பால் வாங்கப் போகும் தெருவில்தான் அவர் வீடு.)

“தம்பி, பதினாலாவது கேள்விக்கு நாலு வரி. பொய்யும் இருக்கக்கூடாது, உண்மையும் தெரியக்கூடாது.”

“அதெப்படி சார் முடியும்?”

“உங்க புத்தகம் ஒண்ணு படிச்சேன். முடியும்.”

தன் மனைவி படியில் உட்கார்ந்து இறங்கியதைச் சொன்னார். நர்ஸின் மகளைப் பற்றியும் சொன்னார், கடைசியில், கதவருகில் நின்று. நான் எழுதினேன்: ‘இக்கட்டடம் தன் வயதுக்குரிய இயல்புகளைக் கொண்டது. பருவங்களின் மாற்றத்தை நுட்பமாக உணரும் தன்மை உடையது.’ இரண்டு வரி மிச்சமிருந்தது. காற்றோட்டத்தைப் புகழ்ந்தேன்.

வக்கீல் அலுவலகத்தில் நர்ஸ் அதைச் சத்தமாகப் படித்தார். “கவிதை மாதிரி இருக்கு சார்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மில்லிகிராம் தன் பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். மூடி பேனாவில்தான் இருந்தது.

5

முடிவுகள் கைவசம் உள்ளன.

(அ) பதிவு அலுவலக வாசலில் மில்லிகிராம் உண்மையைச் சொல்லிவிடுகிறார். விற்பனை நிற்கிறது. அவர் மனைவி மாடியிலேயே இருக்கிறார். நேர்மை வெல்கிறது, முழங்கால் தோற்கிறது.

(ஆ) முதல் மழையில் நர்ஸ் பீரோவை நகர்த்துகிறார். பின்னால் ஓர் ஆள் உயரத்துக்குப் பச்சைப் பூஞ்சை. வழக்கு. நீதிபதி என் நான்கு வரிகளை இலக்கியநயத்தோடு—

(இல்லை.)

(இ) நர்ஸுக்கு முதல் நாளே தெரியும். வேறு வழி இல்லாமல் வாங்கினார். இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான்: விற்பனை முடிந்தது. அந்த அம்மா தரைத்தள வீட்டில் தினமும் கேட் வரை நடந்துவிட்டு வருகிறார். மில்லிகிராம் கடையில் தராசைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நர்ஸும் மகளும் குடிவந்து, நேற்றோடு மூன்று மழை ஆகிவிட்டது. அந்த அறையில் என்ன ஆயிற்று என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

மழை பெய்தால், பால் வாங்க மூன்று தெரு சுற்றிப் போகிறேன்.