குட்டை இருந்த இடம்

ஐம்பத்தோரு மணி நேரம் ஆகிவிட்டது தண்ணீர் வீட்டுக்குள் வந்து, இன்னும் வடியவில்லை, அடுப்பை மேசைமேல் ஏற்றிவிட்டு வந்திருக்கிறாள்... திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் சங்கவியின் மடியில் மனு, கலெக்டர் ஆபீசில் கொடுக்க. தெருவில் எந்த மனுவும் அவள்தான் எழுதுவாள், பி.எஸ்சி. இயற்பியல், எழுத்து முத்து முத்தாக இருக்கும், வாய்தான் திறக்காது. ஸ்டேடியத்துச் சுவர் மழைத்தண்ணீரை மறிக்கிறது, இடிக்க வேண்டும், குட்டையைத் தூர்த்து ஸ்டேடியம் கட்டியபோது எங்களை யாரும் கேட்கவில்லை... அந்தக் கடைசி வரியில் பேனா நின்றது. நின்றுவிட்டு ஓடியதே, அதுதான் கேவலம்.

முன் சீட்டில் தெருச் சங்கத் தலைவர் கண்ணையன் மாமா திரும்பி உட்கார்ந்திருந்தார். "நேத்து அந்த ஸ்டேடியம் வாட்ச்மேனுக்கு உட்டேன் பாரு ஒண்ணு, கண்ணாடி எகிறி தண்ணியில போச்சு." பக்கத்தில் வேணி அக்கா, "கட்டுனவன்லாம் ஏசியில கீறான், நீ கெழவன அடிச்சிக்கினு வந்துட்ட," என்றாள், சிரித்தாள். வாட்ச்மேன் அந்தோணிசாமி முழங்கால் தண்ணீரில் குனிந்து கண்ணாடியைத் துழாவியதை மாடியிலிருந்து பார்த்தாள் சங்கவி, ஏன் இறங்கவில்லை, இறங்கி என்ன சொல்லியிருப்பாள்... நான்கு வருஷத்துக்கு முன் தெருவே டெங்குவில் படுத்தபோதும் ஒரு மனு எழுதி, ரேஷன் கடை வரிசையில் நீட்டினாள், ஒருவரும் படிக்கவில்லை, சங்கவி எழுதினால் படிக்க என்ன இருக்கிறது, கொசு மருந்து அடிக்கத்தான என்று கேட்டபடியே வேணி அக்கா கையெழுத்துப் போட்டாள், சங்கவி தலையாட்டினாளா? ஆட்டினாள். தண்ணீர் பள்ளத்தைத் தேடும் என்று பரீட்சையில் எழுதியவள், அன்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்...

"சங்கவி, இன்னொரு வரி சேத்துடும்மா," என்றார் மாமா. "வாட்ச்மேன் வேணும்னே வாய்க்கால அடைச்சிட்டான்னு. அவன் வேல போவணும்."

"அடச்சானா?" என்றாள் வேணி அக்கா.

"யாரு பாத்தா? எழுதும்மா ஜல்தி, மயிலம் ரோடு தாண்டிடுச்சு."

பேனா மூடியைத் திறந்தாள். அவர் எழுதச் சொன்னதை எழுதித்தான் பழக்கம், என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் தெருவே கையெழுத்துப் போடும், அந்தோணிசாமிக்கு இந்த வயதில் வேறு எவன் வேலை தருவான், கண்ணாடி கிடைத்ததோ இல்லையோ... மூடியைத் திரும்பப் போட்டாள்.

"மாமா," என்றாள். பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள், நாலு சீட்டு திரும்பியது. "அந்தக் குட்டைய மூடச் சொல்லி மனு குடுத்தது நம்ம தெருதான். நான்தான் எழுதினேன், கொசு மருந்துன்னு சொல்லி கையெழுத்து வாங்கினேன்."