கார்டு பெட்டி கணக்கில் வராது

எங்கள் மகள் ஜன்னதுல் பிர்தௌஸைப் பெண் பார்க்க அன்று மாலை ஐந்து மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். மூன்று மணிக்கு நாங்கள் மூன்று பேரும் எங்கே இருந்தோம் என்று நினைக்கிறீர்கள்? கோவில்பட்டிக்கு வெளியே ஒரு ரயில்வே கேட் பக்கம், மக்காச்சோளக் காட்டோரத்தில். எதற்கு? சரக்கு ரயிலைப் படம் பிடிக்க.

என் வீட்டுக்காரர் அபுதாஹிருக்கு பஜாரில் பெயிண்ட் கடை. அது பிழைப்புக்கு. உயிர் மட்டும் கூட்ஸ் வண்டியில். பயணிகள் ரயிலை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். கல்யாணமான ஒன்பதாம் நாள் என்னை வெளியே கூட்டிப் போகிறேன் என்றார். நானும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். மணியாச்சி ஜங்ஷனில் உட்கார வைத்து நிலக்கரி வண்டி காட்டினார். இருபத்திரண்டு வருஷமாகக் காட்டிக்கொண்டே இருக்கிறார்.

அதனால்தான் மாப்பிள்ளை பார்க்கும்போது தரகரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "சம்பளம் கிடக்கட்டும். பையனுக்குக் கிறுக்கு எதுவும் உண்டா?"

"தங்கமான பையன், மைனி. தூத்துக்குடியில கப்பல் ஆபீஸ்ல வேலை. லீவு நாள்ல போட்டோ எடுப்பான், அம்புட்டுதான்" என்றார்.

பூவையும் மேகத்தையும் எடுப்பான் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் இவர் மெல்ல ஆரம்பித்தார். "புள்ள நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போயிரும். கடைசியா ஒரு தடவ மூணு பேரும் போயிட்டு வருவோம், மெஹராஜ். ஒரே ஒரு கண்டெய்னர் வண்டி. நாலு மணிக்கு வீட்டுல இருப்போம்." எனக்கும் மனசு இளகித் தொலைத்தது.

மூன்று மணி வண்டி மூன்றரைக்கும் வரவில்லை. நாலுக்கும் வரவில்லை. முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் மண் செருப்பில் அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு படி கனம் கனத்தது. பிர்தௌஸின் முடி காற்றில் பிய்ந்து பறந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற கோலமா இது!

"ஏட்டி, நம்ம கார்ல போயி உக்காரு. முகமெல்லாம் வேர்வை" என்றேன்.

"இருங்கம்மா" என்றாள். அவள் எப்போதுமே அப்படித்தான். அத்தாவோடு வருவாள், பக்கத்தில் நிற்பாள், திரும்பி வருவாள். பாவம், அவருக்காகப் பொறுத்துக்கொள்கிறாள் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

நாலேகாலுக்குக் கேட்டை மூடினார்கள். வண்டி வந்தது. இவர் தரையில் ஒரு முழங்காலை ஊன்றிப் படம் எடுத்துத் தள்ளினார். பாதி வண்டி தாண்டியிருக்கும், கிறீச்சென்று சத்தம் போட்டு நடு ரோட்டை மறித்துக்கொண்டு நின்றுவிட்டது.

"நமக்காகவே நின்னுட்டான் பாரு!" என்று இவர் குதித்தார்.

எங்களுக்கு நேராக நின்ற வேகன்கள் காலி. வெறும் தட்டு. அதன் மேலாக அந்தப் பக்கம் தெரிந்தது. கேட்டுக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கார். அதிலிருந்து கருப்பு பர்தாவில் ஒரு அம்மாள் இறங்கினார். கல்யாண வீடுகளில் பார்த்த முகம். கழுகுமலை ஷாஹினா. மாப்பிள்ளையின் தாயார்!

யா அல்லாஹ்! மெயின் ரோட்டை விட்டுவிட்டு இந்தக் காட்டுப் பாதையில் இவர்கள் எதற்கு வந்தார்கள்?

அதற்கும் விடை உடனே கிடைத்தது. கார் ஓட்டி வந்த பையன் இறங்கினான். போட்டோவில் பார்த்த அதே சமீர். எங்கள் வழக்கத்தில் பெண் பார்க்கப் பெண்கள்தான் வீட்டுக்குள் வருவார்கள். அவன் தெருவோடு நின்றிருப்பான், என் மகள் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டான். இப்போதோ கழுத்தில் கேமரா தொங்க, புது வெள்ளைச் சட்டையோடு ஈர மண்ணில் ஒரு முழங்காலை ஊன்றினான். இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவன். ஒரே மாதிரி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு.

"ஏலே சமீர், கார்ல ஏறுலே! அவிய காத்துக்கிட்டு இருப்பாவ!" என்று ஷாஹினா கத்துவது இங்கே வரை கேட்டது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "பிர்தௌஸ், நம்ம கார்ல ஏறு. இந்தச் சம்பந்தம் வேண்டாம். வீட்டுக்குப் போயி போனைப் போட்டுச் சொல்லிருதேன். நான் பட்டது போதும், நீயும் படணுமா?"

இவர் கேமராவை இறக்கினார். "என்னைய மாதிரி ஒருத்தன்னா அவ்வளவு மோசமா, மெஹராஜ்?"

சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "ஆமா!" என்றேன்.

அவர் லென்ஸ் மூடியைத் தேடி எடுத்து மூடினார். வண்டி குலுங்கிக் கிளம்பியது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஓடுகிற கூட்ஸ் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிர்தௌஸ் மட்டும் நகரவே இல்லை. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறாள் என்று நினைத்தேன்.

கடைசியாக, ரயில்வே கார்டு உட்கார்ந்து வருகிற கார்டு பெட்டி போனது. இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒன்றுமில்லை. கேட் இன்னும் திறக்கவில்லை.

"நாப்பத்தாறு பெட்டி!" என்று அந்தப் பையன் சந்தோஷமாகக் கத்தினான்.

"நாப்பத்தஞ்சு!" கணீரென்று ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்த்தால், என் மகள்! கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "கார்டு பெட்டி கணக்குல வராது!"

பையன் திகைத்துப் போனான். பிறகு அவளைப் பார்த்தான். மண் அப்பிய காலையும் பறக்கிற முடியையும் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தப் பக்கம் ஷாஹினா தலையில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிற பார்வைதான்.

இவர் மெதுவாக என் பக்கம் வந்தார். பயந்த குரலில், "எது சரி, மெஹராஜ்?" என்றார்.

சம்பந்தம் வேண்டாம் என்று மறுபடியும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நாப்பத்தஞ்சுதான்" என்றேன்.

மணியாச்சியிலிருந்து ஒரு வண்டி விடாமல் நானும் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன் என்பதை அவரிடம் நான் அதுவரை சொன்னதே இல்லை.